ஒரு வரியில் சொல்லுங்க, படம் எப்படி?

62.5. தமிழ் சினிமாவோடு கொஞ்சம் பழக்கம் உள்ள யாரிடமும் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், ‘16 வயதினிலே’ என்று பதில் வரும். 1977இல் வந்த அந்தப் படத்துக்கு ஆனந்த விகடன் போட்ட மார்க் அது. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு மார்க் வாங்கிக்கொண்டு வந்தால் வீட்டில் திட்டு நிச்சயம். ஆனால் விகடன் கணக்கில் அதுதான் உச்சம். பாரதிராஜாவின் முதல் படம் வாங்கிய மார்க்கைத் தாண்டுவது அடுத்து வந்த இயக்குநர்களுக்கு ஒரு கனவாகவே இருந்தது.

சரி, அந்த விமர்சனத்தில் என்ன எழுதியிருந்தார்கள்? நான் கேட்டுப் பார்த்த யாருக்கும் ஒரு வாக்கியம்கூட நினைவில்லை. காரணங்கள் எல்லாம் போய்விட்டன, எண் மட்டும் நிற்கிறது. குறுந்தீர்ப்பு என்கிற வடிவத்தின் பலமும் இதுதான், பிரச்சினையும் இதுதான். அதன் கதையை செம்பவாங்கிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். செம்பவாங்கிலிருந்து ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விகடன் மார்க் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். மார்க்குக்கு விளக்கக் குறிப்பேடு எதுவும் கிடையாது. ஆனால் வாரா வாரம் படித்தவனுக்கு அளவுகோல் தானாகப் பிடிபட்டுவிடும். நாற்பதை ஒட்டி வந்தால் ‘பார்க்கலாம், தப்பில்லை’. ஐம்பதைத் தொட்டால் வீட்டோடு கிளம்பலாம். முப்பதுகளில் நின்றால் டிக்கெட் காசு மிச்சம். நூறு என்பது யாரும் எட்டுவதற்காக வைத்த எல்லை அல்ல. அது ஒரு வெட்டவெளி, அவ்வளவுதான். ஆக, அந்த எண்ணை வாசிப்பதற்கே ஒரு பழக்கம் வேண்டியிருந்தது. விகடன் படிக்காத ஒருவரிடம் ‘42’ என்று சொன்னால் படம் ஃபெயில் என்றுதான் நினைத்துக்கொள்வார். எந்தக் குறுந்தீர்ப்பையும் புரிந்துகொள்ள, சொல்கிறவரின் அளவுகோல் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை இங்கேயே குறித்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

*

தமிழ்ப் பேசும்படம் 1931இல் ‘காளிதாஸ்’ வழியாக வந்தது. அதே முப்பதுகளில் ஆனந்த விகடனில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதிக்கொண்டிருந்தார். கச்சேரி, நாடகம், சினிமா எல்லாம் அந்தப் பேனாவின் கீழ் வந்தன. மேடையில் நடந்ததை வாசகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிண்டலாகச் சொல்லும் தொனி அவருடையது. தமிழில் வெகுஜன விமர்சனம் பேச்சுநடையைப் பிடித்துக்கொண்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான கேள்வியும் பிறக்கிறது. விகடனின் முதலாளி எஸ்.எஸ். வாசன். அவர் விகடனில் எழுதிய தொடர்கதைதான் 1936இல் ‘சதி லீலாவதி’ படமானது. பிறகு அவரே ஜெமினி ஸ்டூடியோவின் அதிபர், 1948இல் ‘சந்திரலேகா’ எடுத்தவர். கல்கி எழுதிய ‘தியாகபூமி’ 1939இல் கே. சுப்ரமணியம் இயக்கத்தில் படமானது. கதை விகடனில் தொடராக வரும்போதே படத்தின் புகைப்படங்களும் கூடவே அச்சாயின. கல்கி தனிப்பத்திரிகை தொடங்கிய பிறகு, அவருடைய பங்காளி சதாசிவம் எடுத்த ‘மீரா’வுக்கு (1945) பாட்டும் எழுதினார். அதாவது விமர்சனம் எழுதும் மேசையும் படம் எடுக்கும் தளமும் ஒரே வளாகத்தில் இருந்தன. இன்றைக்கு யூடியூப் விமர்சகர் ஒருவர் படம் எடுத்தால் ‘இப்ப தெரியுதா கஷ்டம்?’ என்று நாம் கேலி செய்கிறோம். 2021இல் ப்ளூ சட்டை மாறன் ‘ஆன்டி இண்டியன்’ எடுத்தபோதும் அதுதான் நடந்தது. ஆனால் தமிழில் அந்த வேலியைத் தாண்டிய முதல் ஆள் அவர் இல்லை. வேலியே பிற்பாடு வந்ததுதான்.

இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் பிற்காலத்து மார்க் முறைக்கு வேறொரு பொருள் கிடைக்கிறது. தனி ஒருவரின் பெயர் இல்லாமல் ‘விமர்சனக் குழு’ என்று கையெழுத்துப் போடுவதும், கடைசியில் ஒரு எண்ணை வைப்பதும், ‘நாங்கள் எல்லாருக்கும் ஒரே தராசுதான்’ என்று வாசகனிடம் சொல்லும் வழிகள். நம்புவதும் நம்பாததும் வாசகன் பாடு. ஆனாலும் எண் என்று ஒன்று வந்துவிட்டால் போன வாரத்து எண்ணோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்க முடியும். வர்ணனையில் நழுவிவிடலாம். 38க்கும் 44க்கும் நடுவில் நழுவ இடம் கம்மி.

*

உலகத்திலும் இதே கதைதான் வேறு வேறு வேஷங்களில் நடந்திருக்கிறது. 1928 ஜூலை 31 அன்று நியூயார்க் டெய்லி நியூஸில் ஐரீன் தைரர் என்ற பெண் விமர்சகர் ஒரு படத்துக்கு நட்சத்திரம் போட்டார். பத்திரிகைகளில் இன்றைக்கு நாம் பார்க்கும் நட்சத்திர மதிப்பீட்டின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஐம்பதுகளில் பிரான்ஸின் ‘கையே து சினிமா’ பத்து பேரைக் கூட்டி, படங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் நட்சத்திரமோ கறுப்புப் புள்ளியோ இட்டு ஒரு கட்டம் வெளியிட்டது. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் அதுதான். ஏனென்றால் அதில் கருத்து வேறுபாடு மறைக்கப்படவில்லை. ஒருவர் தலைசிறந்தது என்கிற படத்துக்கு நேராகவே இன்னொருவரின் கறுப்புப் புள்ளி உட்கார்ந்திருக்கலாம்.

அமெரிக்காவில் லியோனார்ட் மால்டின் 1969இல் ஒரு கையேடு கொண்டுவந்தார். தொலைக்காட்சியில் போடும் பழைய படங்களில் எதைப் பார்ப்பது என்று சொல்லும் புத்தகம். ஒரு படத்துக்கு ஒரு சிறு பத்தி. ஆயிரக்கணக்கான படங்கள். 2014 வரை பதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. அதில் 1948இல் வந்த ஒரு இசைப்படத்தின் தலைப்பே ஒரு கேள்வி: ‘இது காதல்மயமாக இல்லையா?’ என்கிற மாதிரி. அதற்கு மால்டின் எழுதிய முழு விமர்சனமும் ‘இல்லை’ என்கிற ஒரே சொல். சிரிக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல் சிரிப்பைத் தருவது, சுற்றிலும் பல்லாயிரம் பொறுமையான பத்திகள் இருப்பதால்தான். அது மட்டும் தனியாக நின்றால் வெறும் திமிர்.

1998இல் ‘ராட்டன் டொமேட்டோஸ்’ வந்தது. அங்கே விமர்சகரின் பத்தியும் போய்விட்டது. பிடித்ததா இல்லையா என்று இரண்டாகப் பிரித்து, நூற்றுக்கு அறுபது பேர் சரி என்றால் பழம் சிவப்பு, குறைந்தால் அழுகல். அந்தச் சதவீதம் படம் எவ்வளவு நல்லது என்று சொல்வதில்லை, எத்தனை பேர் தலையாட்டினார்கள் என்று மட்டுமே சொல்கிறது. எல்லாரும் ‘பரவாயில்லை’ என்றாலும் 100 வரும். பாதிப் பேர் உயிரைக் கொடுத்து நேசித்து, பாதிப் பேர் எழுந்து போன படத்துக்கு 50தான் வரும். கையே து சினிமாவின் கட்டத்தில் கண்முன் தெரிந்த சண்டை இங்கே சராசரிக்குள் புதைந்துபோனது.

*

இனி செம்பவாங்.

சிங்கப்பூரின் வடகோடி. பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் பெரிய உலர்துறை 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தளத்தைக் கட்டவும் நடத்தவும் வந்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். 1968இல் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாகக் கைமாறியது. 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பிப் போனது. பக்கத்திலிருந்த கம்போங்கில் ‘சுல்தான்’ என்று ஒரு திரையரங்கு. அதன் உரிமையாளர் லிம் சோங் பாங். 1956இல் அவர் இறந்த பிறகு அந்தக் கிராமமே அவர் பெயரைப் பெற்றது. கிராமம் போய்விட்டது, தியேட்டரும் போய்விட்டது. சோங் பாங் என்ற பெயர் மட்டும் ஈசூனில் ஒரு உணவங்காடியாக நிற்கிறது.

எங்கள் பிளாக்குக்குக் கீழே இருக்கிற காப்பிக்கடையில், பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் ஒருநாள் கேட்டேன்.

“மாமா, அப்பல்லாம் ஒரு படம் நல்லாருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க? விகடன் பாப்பீங்களா?”

“விகடன் கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள படம் தூக்கிருவான் தம்பி. மொத ஆட்டம் பாத்துட்டு வர்றவன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?”

இதைவிடச் சுருக்கமான விமர்சனம் எது? நட்சத்திரமும் இல்லை, எண்ணும் இல்லை, வெறும் முகம். அளவுகோலும் அதற்குள்ளேயே இருந்தது. எந்த ஆளுக்கு எம்ஜிஆர் படம் என்றால் எதுவும் ஓகே, எந்த ஆள் சிவாஜி அழுதால்தான் காசு செரித்தது என்பான் என்பதெல்லாம் ஒரே ஷிஃப்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

அந்த முகங்கள் எங்கேயாவது பதிவாகியிருக்கின்றனவா என்று தேடினேன். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை தேசிய நூலக வாரியம் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஏற்றிவைத்திருக்கிறது. செம்பவாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சன் பிளாசாவில் இருக்கும் நூலகத்தில் உட்கார்ந்து தட்டினால் திரை விளம்பரங்கள் கிடைக்கின்றன. எந்தத் தியேட்டர், எந்தப் படம், எத்தனை காட்சி. ‘மகத்தான’, ‘மாபெரும்’ எல்லாம் உண்டு. விளம்பரமும் ஒரு குறுந்தீர்ப்புதான், ஆனால் விற்கிறவர் எழுதுவது. காசு கொடுத்துப் பார்த்தவர் என்ன சொன்னார் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நான் புரட்டிய பக்கங்களில் அது அகப்படவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன், இது ஏன் முக்கியம் என்று புரியும். சுஜாதாவின் ‘ப்ரியா’ நாவலின் களம் லண்டன். 1978இல் எஸ்.பி. முத்துராமன் படமாக்கியபோது அது சிங்கப்பூருக்கு மாறியது. அடுத்த வருடமே பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’ இங்கே வந்து படமானது. தமிழ்நாட்டு ரசிகனுக்கு அந்த ஊர் வெளிநாடு. கண்ணாடிக் கட்டடம், அகலமான ரோடு, அதிசயம். செம்பவாங்கிலிருந்து பஸ் பிடித்துப் போய் அந்தப் படங்களைப் பார்த்த பட்டறைத் தொழிலாளிக்கு அது ‘நம்ம ரோடு’. திரையில் ரஜினி நடந்துபோகும் இடத்தில் அவர் தினமும் பஸ்ஸுக்கு நின்றிருக்கலாம். லண்டனுக்குப் பதிலாக எழுதப்பட்ட ஊரில்தான் தன் வாழ்க்கை நடக்கிறது என்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? பெருமையா, சிரிப்பா, எரிச்சலா? சென்னையில் போட்ட எந்த மார்க்கிலும் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. ஒரே படம், இரண்டு ஊர். தேவைப்பட்டது இரண்டு தீர்ப்பு, அச்சில் வந்தது ஒன்று.

*

சிங்கப்பூரில் இன்னொரு குறுந்தீர்ப்பு மட்டும் தவறாமல் பதிவானது. அது அரசுடையது. 1991 ஜூலையில் திரைப்பட வகைப்பாட்டு முறை வந்தது. அதற்கு முன்னால் ஒரு படம் ஒன்று வெட்டுப்பட்டு எல்லாருக்கும் காட்டப்படும், இல்லை தடைப்படும். புதிய முறையில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ‘ஆர்’ என்றொரு தகுதி. பொதுமக்களிடம் எதிர்ப்பு கிளம்பவே, அதே ஆண்டு செப்டம்பரில் அதை மாற்றி வயதை 21 ஆக்கினார்கள். அப்படி முத்திரை பெற்ற படங்கள் பல ஆண்டுகள் நகர மையத் திரையரங்குகளில் மட்டுமே ஓடின. வீவக பேட்டைகளுக்குள் வர அனுமதியில்லை. 1992இல் ஈசூனில் 10 திரைகளோடு சிங்கப்பூரின் முதல் மல்டிபிளெக்ஸ் திறந்தபோதும் இந்த விதி பொருந்தியது. ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் சேர்ந்து, செம்பவாங்கில் இருக்கிறவர் எந்தப் படத்துக்கு எவ்வளவு தூரம் ரயில் ஏற வேண்டும் என்பதை முடிவு செய்தன.

இந்த முத்திரைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அளவுகோல் எழுத்தில் இருக்கிறது, மாறும்போது மாறியது தெரிகிறது, கேள்வி கேட்கலாம். விமர்சகரின் ஒற்றை வரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஒற்றை வரிகள் பிழைபட்டதற்கு உதாரணங்களுக்கா பஞ்சம்? 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாட்டே இல்லாமல் வந்தது. ‘பாட்டில்லாத படமா?’ என்று ரசிகர்கள் கடுப்பானார்கள். வசூல் இல்லை. இன்று தமிழின் முக்கியமான படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதற்கு இடம் உண்டு. 1978 தீபாவளிக்கு வந்த ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ முதலில் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. வங்காள இயக்குநர் மிருணாள் சென் பார்த்துவிட்டுப் பாராட்டிய பிறகுதான் கூட்டம் திரும்பிப் பார்த்தது. 2003இல் தோற்ற ‘அன்பே சிவம்’ பின்னால் தொலைக்காட்சியில் பிழைத்துக்கொண்டது. ‘ஓடாது’ என்ற முதல் தீர்ப்பு பதிவாகியிருப்பதால்தான் இவற்றையெல்லாம் திருத்தங்கள் என்று நம்மால் சொல்ல முடிகிறது. பதிவாகாத தீர்ப்பைத் திருத்தவும் முடியாது.

சிங்கப்பூர்த் தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை எனக்கு உறுத்துவது இதுதான். 2008இல் எரிக் கூவின் ‘மை மேஜிக்’ கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. பெரும்பாலும் தமிழ் பேசும் படம். 2016இல் கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’ அதே கான் ஊரில் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. சிறையிலிருந்து வெளியே வரும் ஒரு சிங்கப்பூர் இந்தியனின் கதை. இந்த இரண்டு படங்களைப் பற்றியும் வெளிநாட்டுப் பத்திரிகைகளின் தீர்ப்புகளை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். தேக்காவிலோ உட்லண்ட்ஸிலோ இருக்கிற தமிழர் ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டுத் தமிழில் என்ன சொன்னார் என்று தேடுங்கள். எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள். படத்தில் வரும் மொழி யாருடையதோ அவர்களுடைய குரல்தான் பதிவில் மிக மெலிதாக இருக்கிறது.

*

இன்றைக்கு நிலைமை தலைகீழ். முதல் காட்சி இடைவேளையிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. 2024 டிசம்பரில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. படம் வந்து முதல் 3 நாட்களுக்கு இணையத்தில் விமர்சனம் கூடாது என்று கேட்டது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று சொல்லி நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. சரியான முடிவு என்பது என் கட்சி. கோடிகள் போட்டு ‘மாபெரும்’ என்று விளம்பரம் செய்ய முதல் நாளே உரிமை இருந்தால், காசு கொடுத்தவன் ‘இல்லை’ என்று சொல்லவும் முதல் நாளே உரிமை உண்டு. தயாரிப்பாளர்களின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. காமிராவுக்கு முன்னால் கத்தினால்தான் பார்வை கூடும் என்ற கணக்கு, படத்தைப் பற்றிய பேச்சைக் கெடுக்கத்தான் செய்கிறது. அதற்கு மருந்து மூன்று நாள் வாய்ப்பூட்டு அல்ல. வேறு விதமான தீர்ப்புகள் நிறைய வேண்டும்.

அப்படி ஒன்றைப் போன மாதம் கேட்டேன். செம்பவாங்கில் தொழிலாளர் தங்குவிடுதிகள் உண்டு. பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிற நண்பர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் போய்விட்டு ரூம் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தி: “மச்சான், வேணாம்டா. ரெண்டே முக்கா மணி நேரம். அந்த நேரத்துக்குத் தூங்கு. இல்ல வீட்டுக்குப் பேசு.”

இதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். படம் நீளம் என்ற தகவல் இருக்கிறது. யாருக்குச் சொல்கிறார் என்பது தெரிகிறது: வாரத்தில் ஒரே நாள் லீவு உள்ளவனுக்கு. அளவுகோலும் வெளிப்படையாக இருக்கிறது: தூக்கத்தையும் வீட்டுப் பேச்சையும்விட இந்தப் படம் மேலா? நல்ல குறுந்தீர்ப்புக்கு வேண்டிய மூன்றும், அதாவது ஆள், அளவுகோல், காரணம், பத்துப் பன்னிரண்டு சொற்களில் வந்துவிட்டன. நாலரை நட்சத்திரமோ 73 சதவீதமோ இதில் ஒன்றைக்கூடத் தருவதில்லை. ஆனால் அந்தக் குரல் செய்தி அடுத்த மாதம் போன் நினைவகம் நிரம்பினால் அழிந்துவிடும். சுல்தான் தியேட்டர் வாசலில் பார்த்த முகங்கள் போன மாதிரியே.

குறள் படித்து வளர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வது புதிதல்ல. சாற்றுகவி வாங்கி நூலை அரங்கேற்றிய மரபு நம்முடையது. ஆகவே ஒரு வரியில் தீர்ப்புச் சொல்வதை இலக்கிய வாசகர்கள் கேவலமாக நினைக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. நீண்ட கட்டுரை எழுதினால்தான் எழுத்து என்று காத்திருந்து கடைசியில் எதுவும் எழுதாமல் போவதைவிட, பார்த்த ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியில் ‘ஏன்’ என்பதற்கு ஒரு சொல்லாவது இருக்கட்டும். எந்த ஊரில், எந்தத் தியேட்டரில், யாரோடு பார்த்தீர்கள், எந்தத் தேதி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எண் போட ஆசையிருந்தால் போடுங்கள், ஆனால் உங்கள் நாற்பதுக்கு என்ன அர்த்தம் என்று முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து உங்கள் தீர்ப்பு மாறியிருந்தால் பழையதை அடிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள்.

நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். வெல்டர் நண்பரின் அனுமதியோடு அவருடைய வரியைத்தான் அதில் முதலில் எழுதினேன், தேதியோடு. காப்பிக்கடைப் பெரியவரிடம் ‘ப்ரியா’ பற்றி இனிமேல்தான் கேட்க வேண்டும்.